புயல் ராத்திரியில ஆம்புலன்ஸ்காரருக்காவது லைன் கிடைக்கணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஐப்பசி மழை வர்றதுக்குள்ள இத எழுதிடணும்னு உட்கார்ந்தேன். எங்க ஊரு காரைக்குடி பக்கம் பள்ளத்தூர். டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல வேலை பார்த்து ரிட்டயர் ஆனவன் நான்.

2018 நவம்பர் 16, கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி புதுக்கோட்டை வழியா உள்ள வந்துச்சே, அன்னைக்கு விடியக்காலைல எங்க பக்கமும் மரம் சாஞ்சு கரண்ட் போச்சு. எதுத்த வீட்டு ஆச்சி எண்பது வயசு தாண்டினவங்க, முகப்பு, பட்டாலை, உள்ள முற்றத்தோட வளவுன்னு அவ்வளவு பெரிய வீட்ல தனியாத்தான் இருக்காங்க, மகன் சிங்கப்பூர்ல. இருட்டுல வளவுப் படியில வழுக்கி விழுந்து எந்திரிக்க முடியாம கிடந்தாங்க. ஆம்புலன்சுக்கு அடிக்கிறேன், மொதல்ல பிஸி, அப்புறம் சிக்னலே இல்ல. பக்கத்துத் தெரு பையன் ஒருத்தன் பைக்க எடுத்துக்கிட்டு, விழுந்து கிடந்த மரத்தயெல்லாம் சுத்திக்கிட்டு காரைக்குடி போய் வண்டிய கூட்டிட்டு வர்றப்ப மத்தியானம் ஆயிருச்சு. அந்த டிரைவர் சொன்னது இன்னும் மனச அறுக்குது: "ஐயா, எங்க கையிலயும் உங்க மாதிரி அதே செல்போன்தான், எந்த ரோடு தெறந்திருக்குன்னு கேக்கக்கூட ஆள் கிடைக்கல."

காப்பாத்த வர்றவங்களும் நம்மளோட அதே க்யூவுல நிக்கிறாங்க, இதத்தான் மாத்தணும்ங்கிறேன். எல்லாரும் ஒரே நேரத்துல போன் அடிச்சா டவர் திணறும், கரண்ட் போனா பேட்டரி கொஞ்ச மணி நேரம் ஓடும், அப்புறம் டீசல் வரணும், ரோட்ல மரம் கிடந்தா டீசல் எப்படி வரும். போலீஸ்கிட்ட வயர்லெஸ் இருக்கு, ஆனா அதுல பேசத்தான் முடியும், மேப்போ போட்டோவோ அனுப்ப முடியாது, தீயணைப்பு, மின்வாரியம், தாசில்தார்னு எல்லாரும் ஒரே இடத்துல பேசிக்கவும் வழி கிடையாது.

அமெரிக்காவுல 2001 செப்டம்பர் 11 அன்னைக்கு நியூயார்க் இரட்டைக் கோபுரத் தாக்குதல்ல 343 தீயணைப்பு வீரர்கள் செத்தாங்க. கட்டடம் விழப்போகுதுன்னு போலீஸ் ஹெலிகாப்டர்ல இருந்து சொன்னது உள்ள இருந்த தீயணைப்புக்காரங்களுக்குப் போய்ச் சேரல, ரெண்டு பேரு ரேடியோவும் வேற வேற. அதுக்கப்புறம் 2012ல சட்டம் போட்டு, மீட்புப் பணிக்குன்னே 700 மெகாஹெர்ட்ஸ் பேண்டுல 20 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை ஒதுக்கி ஃபர்ஸ்ட்நெட்னு தனி பிராட்பேண்ட் கொண்டு வந்தாங்க, நெரிசலானா மத்தவங்கள நிறுத்திட்டு இவங்களுக்கு வழி விடும். தென்கொரியாவுல 2014ல செவோல் கப்பல் மூழ்கி பள்ளிப்பிள்ளைங்க செத்ததுக்கப்புறம் இந்த மாதிரி தனி நெட்வொர்க் வேலைய வேகப்படுத்தி 2021ல நாடு முழுக்க முடிச்சிட்டாங்க. நம்ம தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் டிராயும் இதே மாதிரி அலைவரிசை ஒதுக்கணும்னு 2018 ஜூன்ல பரிந்துரை குடுத்துச்சு, கஜாவுக்கு அஞ்சு மாசம் முந்தி! 2023 டிசம்பர்ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, ஸ்ரீவைகுண்டத்துல ரயிலோட நூத்துக்கணக்கான ஜனங்க சிக்கிக்கிட்டப்பவும் போன் கிடைக்காம தவிச்ச தவிப்பு அப்படியேதான் இருந்துச்சு. அதுக்கு ரெண்டு மாசம் முந்தி எல்லார் போன்லயும் அலறவிட்டு எச்சரிக்கை டெஸ்ட் பண்ணாங்க, நல்ல விஷயம்தான், ஆனா டவர் உயிரோட இருந்தாத்தான அதுவும் அலறும்.

700, 800 மெகாஹெர்ட்ஸ் மாதிரி கீழ இருக்கிற அலைவரிசை எங்க ஊருக்கு ரொம்பத் தேவை. செட்டிநாட்டு வீட்டுச் சுவரு கனம் உங்களுக்குத் தெரியும், வளவுக்குள்ள போனா சிக்னல் செத்துரும், அலைவரிசை கீழ இருந்தா சுவர நல்லா ஊடுருவும்.

பேட்டரி சமாச்சாரத்த நான் அழுத்திச் சொல்லுவேன். அந்தக் காலத்துல ஊரே இருட்டா இருந்தாலும் லேண்ட்லைன் பேசும், ஏன்னா எக்ஸ்சேஞ்ச் பேட்டரி ரூம்ல இருந்து 48 வோல்ட் லைன்லயே வரும், தினம் பேட்டரிய செக் பண்ணி நோட்டுல எழுதி வைப்போம். இன்னைக்கு அந்த ஒழுங்கு எங்க போச்சு? வள்ளல் அழகப்பர் 300 ஏக்கரும் 15 லட்சமும் குடுத்து, 1953ல திறந்த மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் நம்ம காரைக்குடியிலயே இருக்கு, பேட்டரி ஆராய்ச்சி பண்றவங்க. டவருக்கு ரெண்டு நாள் தாங்குற பேட்டரிக்கு என்ன வழின்னு அவங்ககிட்ட கேக்கலாமே. கிராமத்துக்கு இன்டர்நெட் குடுக்கிற மத்திய அரசோட பாரத்நெட் ஃபைபர் வந்த பஞ்சாயத்து ஆபீஸ்ல ஒரு சோலார் பேனலும் பேட்டரியும் வச்சா, புயல் அன்னைக்கு ஊருக்கு ஒரு இடத்துலயாவது வைஃபை ஓடும்.

டெல்லியில அலைவரிசை ஒதுக்குறப்ப ஒதுக்கட்டும். பருவமழைக்கு முன்னாடி கலெக்டர் ஆபீஸ்ல நடக்குற மீட்டிங்குக்கு டவர் கம்பெனிக்காரங்களயும் கூப்பிட்டு, எந்த ஊரு டவர்ல எத்தன மணி நேரம் பேட்டரி நிக்கும்னு இந்த வருஷமே எழுதி வாங்கி, அத உங்க பேப்பர்லயும் போடுங்க.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டெலிபோன் ஊழியர்,
பள்ளத்தூர்.