படகைப் பற்றி மட்டும்

அன்பு மகள் வாணிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். நீ அனுப்பிய போட்டோக்களை அம்மா பெரிசாக்கிக் காட்டினாள். கேபினைச் சுத்தமாக வைத்திருக்கிறாய். எதிலும் மாப்பிள்ளை இல்லை, அவர்தான் எடுத்திருப்பார் என்று அம்மா சொன்னாள். நானும் ஆமாம் என்றேன்.

வாங்குவதற்கு முன் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பழைய படகை விற்கிறவன் பெயிண்டைத்தான் காட்டுவான். சரி, வாங்கியாயிற்று.

முதலில் ஆல்டர்நேட்டர், பேட்டரியை சார்ஜ் பண்ணுகிறதே, அது. போட்டோவில் அது கார் சாமான் போலத் தெரிகிறது. முன்னால் வைத்திருந்தவர் காசு மிச்சம் பிடித்திருப்பார். மெரைன் என்று மேலே போட்டிருக்கவில்லை என்றால் கழற்றிவிடு. ஸ்டார்ட்டரையும் பார். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். காரில் கசிந்தால் கீழே ரோட்டுக்குப் போய்விடும். படகில் போக வழி ஏது, படகின் அடிப்பள்ளமான பில்ஜிலேயே தங்கிக் கிடக்கும். படகுக்கென்று செய்த ஆல்டர்நேட்டரில், உள்ளே பொறி பறந்தாலும் வெளியே இருக்கும் ஆவி பற்றாதபடி தடுப்பு வைத்திருப்பார்கள். ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் 4 நிமிஷமாவது, ஆவியை வெளியே தள்ளுகிற ஃபேன் இருக்கிறதே, அந்த புளோயர் ஓடட்டும். அதற்கப்புறமும் எஞ்சின் மூடியைத் திறந்து மோந்து பார். வாசனை வந்தால் சாவியில் கை வைக்காதே. மணி சித்தப்பா விஷயம் உனக்குத் தெரியும், திரும்ப எழுதவில்லை.

ஸ்பார்க் பிளக்கை நீயே மாற்றிவிட்டாய் என்று அம்மா போனில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் யாரிடமும் போய்ச் சொல்லவில்லை. கேட்டவர்களிடம் இல்லை என்றும் சொல்லவில்லை.

வேகம் கூட்டினால் டெம்பரேச்சர் முள் ஏறுகிறது என்றாய். மெதுவாக ஓடும்போது சரியாக இருக்கிறது என்றால் பெரும்பாலும் தண்ணீர் ஓட்டம் போதவில்லை. வெளித் தண்ணீரை இழுக்கிற பம்பைத் திறந்து, உள்ளே சுற்றுகிற ரப்பர் சக்கரமான இம்பெல்லரின் இதழ்களை எண்ணு. ஒன்று குறைந்தாலும், புதிதைப் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று இருந்துவிடாதே. உடைந்த துண்டு ஹோஸிலோ, எஞ்சின் சூட்டைத் தணிக்கிற ஹீட் எக்ஸ்சேஞ்சரிலோ போய் அடைத்திருக்கும், தேடி எடுக்கவேண்டும். இதழ்கள் முழுசாக இருந்தால், எஞ்சின் புகையும் தண்ணீரும் வெளியே போகிற எக்ஸாஸ்ட் ரைசரைக் கழற்றிப் பார்க்கச் சொல். உப்புத் தண்ணீரில் ஓடினால் அது உள்ளுக்குள்ளேயே துருப்பிடித்து அடைக்கும். அப்படியே விட்டால் ஓட்டை விழுந்து சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்கும், அப்புறம் எஞ்சினே போச்சு. படகு தரையில் இருக்கும்போது தண்ணீர் இணைப்புக் கொடுக்காமல் எஞ்சினைப் போடாதே. அந்தப் பம்ப் ரப்பருக்குத் தண்ணீர்தான் எண்ணெய்.

தினம் காலையில் பில்ஜில் தண்ணீர் நிற்கிறது என்று எழுதியிருந்தாய். தினம் காலையில் போய்ப் பார்க்க முடிகிறதே, ஆபீஸ் பக்கத்தில்தான் இருக்கிறதா? நல்லதுதான். பில்ஜைத் துடைத்துக் காயவைத்து, ஒவ்வொரு இணைப்புக்குக் கீழேயும் காகிதம் விரித்து வை. எது முதலில் நனைகிறது என்று பார். உன் படகில் புரொப்பல்லரைச் சுற்றுகிற டிரைவ் வெளியே பின்னால் இருப்பதால், அது படகோடு சேருகிற இடத்தை மூடும் ரப்பர் உறையான பெல்லோஸ் மேல்தான் எனக்குச் சந்தேகம். அந்த ரப்பர் மடிப்புகளுக்குள் வெடிப்பு விட்டிருக்கும், மேலே பார்த்தால் தெரியாது. படகைத் தரைக்கு ஏற்றி, டிரைவை முழுக்கத் தூக்கி, மடிப்பை விரல் விட்டு விரித்துப் பார்க்கவேண்டும். ஒருத்தர் டார்ச் பிடிக்கணும், ஒருத்தர் பார்க்கணும். மாப்பிள்ளைக்கு எஞ்சின் தெரியாவிட்டால் என்ன, டார்ச் பிடிக்கத் தெரியும்.

ஓடும்போது மூழ்குவதைவிடக் கட்டிப்போட்ட இடத்திலேயே மூழ்கும் படகுகள்தான் அதிகம். தண்ணீர் ஏறினால் பில்ஜ் பம்பைத் தானாகப் போடுகிற ஃப்ளோட் சுவிட்சுக்கு வயர், மெயின் சுவிட்சைத் தாண்டி, ஒரு ஃபியூஸ் வழியாக நேரே பேட்டரியிலிருந்து வரணும். மெயினை அணைத்துவிட்டு ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பார், பம்ப் தானாக ஓடவேண்டும். ஓடினாலும் பேட்டரி இருக்கும் வரைக்கும்தான் என்பதை ஞாபகம் வை.

மற்ற உலோகம் அரிக்காமல் தான் கரைந்து காப்பாற்றுகிற ஆனோடு பாதி கரைந்திருந்தால் மாற்றிவிடு, அதன் மேல் பெயிண்ட் அடிக்காதே.

கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கிறதா? போட்டோ எல்லாவற்றிலும் தேடினேன், காணோம். அந்த வாயுவுக்கு வாசனை கிடையாது. தலைவலி வரும், தூக்கம் வருவது போலிருக்கும், அவ்வளவுதான். எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு கேபினில் படுக்காதே. பக்கத்துப் படகின் ஜெனரேட்டர் புகைகூட ஜன்னல் வழியாக உள்ளே வரும். படுக்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு அலாரம் வை. சும்மா மத்தியானம் ஒரு மணி நேரம் படுத்தாலும்தான் சொல்கிறேன். புளோயரையும் மறக்காதே, 4 நிமிஷம்.

வயிற்றுக்குச் சரியாகச் சாப்பிடு. அம்மா தனியாக எழுதுவாள், அவள் கேட்பதற்கு நீ பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை. எனக்கு அலாரம் வாங்கியாயிற்றா, பெல்லோஸ் எப்படி இருக்கிறது, இந்த இரண்டுக்கு மட்டும் பதில் போடு. படகின் இன்னொரு சாவி மாப்பிள்ளையிடம்தானே இருக்கிறது? இல்லையென்றால் எங்களுக்கு அனுப்பிவை.

அப்பா