காவிரிப் படுகைப் பெண்களுக்கு ஒரு காட்சிக்கூடம்: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் வரலாற்றிலும் பொதுவாழ்விலும் பெண்கள் செய்தவற்றைச் சொல்ல நிரந்தரமாக ஓர் இடம் அமைக்கிறோம். அதற்குப் பணம் வேண்டும். உங்கள் வீட்டுப் பரணில் கிடக்கும் சில பொருள்களும் வேண்டும்.

மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரின் பெயர் தெரியாதவர் இங்கே குறைவு. 1989இல் திருமண உதவித் திட்டத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். இப்போது கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டமும் அவர் பெயரில்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பணத்தை வாங்கும் மாணவியிடம் அவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். தேவதாசி முறையை உள்ளிருந்தே அறிந்து அதை ஒழிக்க ஊர் ஊராய்ப் பேசியவர். 1936இல் அதைப் பற்றி நாவலே எழுதியவர். 1938இல் திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்த இந்தி எதிர்ப்புப் படையில், ஐம்பதைத் தாண்டிய வயதில், ஒரே பெண்ணாக நடந்தவர். விண்ணப்பப் படிவத்தில் இதெல்லாம் இருக்காது அல்லவா?

மணலூர் மணியம்மையின் நிலை இன்னும் மோசம். விதவையான பிராமணப் பெண், தலைமுடியைக் கிராப்பாக வெட்டி, வேட்டியும் ஜிப்பாவும் போட்டுக்கொண்டு சேரிகளுக்குள் போனார். பண்ணையாட்களைச் சங்கமாகத் திரட்டினார். 1953இல் மான் முட்டி இறந்துபோனார். அவர் பேச்சைக் கேட்டு வேலையை நிறுத்தி வயலைவிட்டுக் கரையேறிய பெண்களின் பெயர்கள் எங்கே? 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில், கூலிப் போராட்டத்தையொட்டிக் குடிசையோடு எரிக்கப்பட்ட 44 பேரில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். நினைவிடத்துக்கு வருடா வருடம் போகிறோம். அதற்கு முன் கூலிக்காகக் கொடி பிடித்த பெண்களின் கதையைக் கேட்டு எழுதியது கொஞ்சம்தான்.

இந்த மண்ணுக்குப் பெண்களின் பெயரைப் பதிந்து வைப்பது புதிதல்ல. ராஜராஜன் தான் கொடுத்ததோடு, அக்கன் (அக்கா) குந்தவை கொடுத்ததையும் தன் பெண்டுகள் (அரசிகள்) கொடுத்ததையும் பெரிய கோயில் விமானத்துக் கல்லிலே வெட்டச் சொன்னான். கோயிலில் ஆட அமர்த்திய தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரையும் எந்தச் சிறகில் (தெரு வரிசையில்) எத்தனையாவது வீடு, எந்தக் கோயிலிலிருந்து வந்தவர் என்று பெயரோடு வெட்டியிருக்கிறார்கள். ஆளுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் கூலி. அரசன் கட்டளையால் வந்தவர்கள்தான், அவர்கள் வாழ்வை நாம் மெச்ச வேண்டியதில்லை. ஆனாலும் ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஆட்டக்காரியின் விலாசம் கிடைக்கிறது, நம் பாட்டி காலத்துச் சங்கத் தலைவியின் பெயர்கூடக் கிடைப்பதில்லை.

பழைய ஓட்டு வீடு ஒன்றை ஒரு குடும்பம் கொடுத்திருக்கிறது. ஓடு மாற்ற வேண்டும், கரையான் அரித்த உத்தரம் இரண்டை எடுக்க வேண்டும், வயரிங் முழுக்கப் புதிதாகச் செய்ய வேண்டும். அப்புறம் கண்ணாடிப் பேழைகள், ஸ்கேனர், விளக்கப் பலகைகள். திருவையாற்றில் தியாகராஜர் சமாதிக் கோயிலைத் தன் சொத்தைப் போட்டுக் கட்டிய பெங்களூர் நாகரத்தினம்மாளுக்கும் ஒரு பலகை உண்டு. ஆராதனையில் பெண்கள் பாடக்கூடாது என்றிருந்தபோது பெண்களைத் தனியாகத் திரட்டிப் பாட வைத்தவர் அவர். (முதல் பலகை யாருக்கு என்று குழுவில் இன்னும் வாக்குவாதம் ஓயவில்லை. அது எங்கள் பாடு.)

முதலில் வரும் பணம் கட்டடத்துக்குப் போகாது. எண்பதைத் தாண்டிய விவசாயத் தொழிலாளிப் பெண்களைத் தேடிப்போய், அவர்கள் பேச்சை ஒலிப்பதிவு செய்வதற்கே செலவாகும். ஓடு அடுத்த மழைக்கும் ஒழுகினால் ஒழுகட்டும்.

பரணில் இருப்பவை என்றோமே: சங்க உறுப்பினர் சீட்டு, மாநாட்டுத் துண்டறிக்கை, சிறையிலிருந்து வந்த கடிதம், ஊராட்சித் தேர்தல் நோட்டீஸ், மாதர் சங்கக் குழுப்படம். கொடுக்க மனமில்லை என்றால் ஸ்கேன் செய்துகொண்டு அன்றே திருப்பித் தருகிறோம். படத்தின் பின்பக்கம் எழுத்து இருந்தால் அதையும் எடுத்துக்கொள்வோம், பெயர்கள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

தொகைக்கு வரம்பில்லை. ஐம்பது ரூபாய்க்கும் ரசீது உண்டு, வரவு செலவை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாசலில் ஒட்டுவோம். நன்கொடை தரும் பெண்கள் ரசீதில் தங்கள் பெயரையே எழுதச் சொல்ல வேண்டும். ‘இன்னார் மனைவி’ என்று எழுத எங்கள் ரசீதில் இடம் விடவில்லை. குழுவின் முத்திரையுள்ள ரசீது இல்லாமல் யாரிடமும் பணம் கொடுக்க வேண்டாம்.

இப்படிக்கு,
காட்சிக்கூடக் குழுவினர்