மேசையில் தாளம் போடும் பிள்ளைகள்: வடசென்னைத் தொடக்கப் பள்ளித் தலைமை ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் என் மகனின் பள்ளி நாட்குறிப்பில் சிவப்பு மையில் ஒரு வரி எழுதப்பட்டிருந்தது: ‘வகுப்பில் ஓயாமல் மேசையைத் தட்டுகிறான், கண்டிக்கவும்.’ அவன் இரண்டாம் வகுப்பில் படிக்கிறான். நான் கையெழுத்திட்டு அனுப்பினேன், கண்டிக்கவில்லை. காசிமேட்டிலிருந்து கொருக்குப்பேட்டை வரை, வியாசர்பாடியிலிருந்து எண்ணூர் வரை இதே வரி எத்தனையோ வீடுகளுக்குப் போயிருக்கும் என்பதால், அந்த ஓர் ஆசிரியைக்கு மட்டும் பதில் எழுதாமல் உங்கள் அனைவருக்கும் எழுதுகிறேன். நாற்பது பிள்ளைகள் இருக்கும் அறையில் ஒருவன் மேசையைத் தட்டினால் பாடம் நடத்துவது எவ்வளவு சிரமம் என்பதை அறியாதவள் அல்ல. அந்தக் கையை அடக்கி வைப்பதைவிடப் பாடத்துக்குள் இழுத்துக்கொள்வது எளிது என்பதுதான் என் விண்ணப்பம்.

தமிழ் எழுத்திலிருந்தே தொடங்குகிறேன். என் மகன் ‘படு’ என்பதையும் ‘பாடு’ என்பதையும், ‘கல்’ என்பதையும் ‘கால்’ என்பதையும் மாற்றி மாற்றிப் படித்துக்கொண்டிருந்தான். பத்து முறை எழுத வைத்தும் பயனில்லை. பிறகு, குறிலுக்கு ஒரு தட்டு, நெடிலுக்குத் தட்டிய கையை இன்னொரு தட்டின் நேரம் அப்படியே வைத்திருப்பது என்று விளையாட்டாகத் தொடங்கினோம். இரண்டு வாரத்துக்குள் கையே அவன் கண்ணைத் திருத்தத் தொடங்கியது. இதில் என் கெட்டிக்காரத்தனம் எதுவும் இல்லை. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று நம் எழுத்தையே காலத்தால் அளந்தவர்கள் நம் இலக்கண நூலார். அந்த மாத்திரையைக் கண் இமைக்கும் நேரம், கை நொடிக்கும் நேரம் என்று உடம்பைக் கொண்டே விளக்கியவர்களும் அவர்களே. நாமோ அதைப் பின்னாளில் மனப்பாடம் செய்யும் இலக்கண விதியாக்கிவிட்டு, ஆறு வயதில் அதை இயல்பாகச் செய்யக்கூடிய கையைக் கட்டிப்போடச் சொல்கிறோம்.

கணக்கும் அப்படித்தான். தாளச் சொற்களில் ‘தகிட’ மூன்று தட்டு, ‘தகதிமி’ நான்கு தட்டு. வகுப்பை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை ‘தகிட’ என்று நான்கு முறையும் மறுபாதியை ‘தகதிமி’ என்று மூன்று முறையும் ஒரே வேகத்தில் சொல்லிக் கைதட்ட வைத்தால், சேர்ந்து தொடங்கியவர்கள் பன்னிரண்டாவது தட்டில் சேர்ந்தே முடிப்பார்கள். நான்கு மூன்றும் மூன்று நான்கும் ஏன் ஒன்று என்பதை வாய்ப்பாடு சொல்லாது. இது காதிலேயே காட்டிவிடும். இதற்குத் தேவையான கருவி இரண்டு உள்ளங்கைகள்தான்.

ஆராய்ச்சியைப் பற்றிச் சொல்லும்போது கொஞ்சம் நிதானம் தேவை. மோட்சார்ட் இசையைக் கேட்டால் குழந்தைக்கு அறிவு வளரும் என்று குறுந்தகடு விற்றவர்கள் உண்டு. அந்தப் பேச்சுக்கு மூலமான 1993 ஆய்வு கல்லூரி மாணவர்களிடம் நடத்தப்பட்டது, அதில் தெரிந்த பலனும் சில நிமிடங்களே நீடித்தது. 2004-இல் உளவியலாளர் கிளென் ஷெலன்பெர்க் வெளியிட்ட, ஆறு வயதுப் பிள்ளைகள் 144 பேரைக் கொண்ட கனடா ஆய்வில், ஓராண்டு இசை கற்றவர்களின் நுண்ணறிவு மதிப்பெண் மற்றவர்களைவிடச் சிறிதளவே கூடியது. ஆகவே இசை கற்றால் பிள்ளை மேதையாகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது வேறோர் ஆய்வு. நரம்பியல் ஆய்வாளர் நீனா கிராஸ் குழுவினர் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் ஏழைப் பகுதிகளில் ஆறு முதல் ஒன்பது வயது வரையுள்ள பிள்ளைகளைக் கவனித்து 2014-இல் வெளியிட்டது அது. இரண்டு ஆண்டுகள் கூடி இசை பயின்ற பிள்ளைகளின் மூளை, ‘பா’, ‘கா’ போன்று நெருங்கி ஒலிக்கும் ஓசைகளை முன்னைவிடத் தெளிவாகப் பிரித்தறிந்தது. ஓராண்டு மட்டும் பயின்றவர்களிடம் அந்த மாற்றம் தெரியவில்லை. துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளும் மின்சார ரயிலும் ஓயாத தெருக்களில் வளர்ந்து, லகர ளகர ழகரத்தைப் பிரித்துக் கேட்கவேண்டிய நம் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான செய்தி வேறென்ன இருக்கிறது? பலன் தந்தது இசையைக் கேட்டது அல்ல, கூடிச் செய்தது. அதுவும் ஆண்டுக்கணக்கில் விடாமல் செய்தது.

இந்த இடத்தில்தான் ஆண்டு விழாவைப் பற்றிப் பேசவேண்டியிருக்கிறது. ஐந்து வாரம் ஒரே சினிமாப் பாட்டுக்கு ஒத்திகை, வாடகைக்கு எடுத்த ஜிகினா உடை, நன்றாக ஆடும் நான்கு பிள்ளைகள் முன் வரிசையில், மற்றவர்கள் பின்னால் நின்று கையை மட்டும் ஆட்டுவது: இதைத்தான் ‘எங்கள் பள்ளியில் நடனம் உண்டு’ என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். எந்தப் பிள்ளைக்குத் தாளம் பிடிபடவில்லையோ அதற்குத்தான் ஆட்டம் அதிகம் தேவை. அதைத்தான் பின் வரிசைக்கு அனுப்புகிறோம். கோலாட்டத்திலும் கும்மியிலும் பின் வரிசையே கிடையாது. கோலாட்டத்தில் எதிரே இருப்பவரின் கோலைப் பார்த்து, காத்திருந்து, சரியான நொடியில் தட்டவேண்டும். தவறினால் விரலில் அடி விழும், யாரும் திட்டத் தேவையில்லை. நான்கு வயதுக் குழந்தைகள் சேர்ந்து பாடி ஆடி விளையாடிய பிறகு ஒருவருக்கொருவர் கூடுதலாக உதவிக்கொண்டதைக் கிர்ஷ்னர், டோமசெல்லோ என்ற உளவியல் ஆய்வாளர்கள் 2010-இல் எழுதியிருக்கிறார்கள். கரைவலை இழுத்த என் தாத்தாவிடம் கேட்டிருந்தால் ஆய்வே தேவைப்பட்டிருக்காது. வலை இழுப்பவர்கள் பாடும் அம்பாப் பாட்டின் தாளத்தில்தான் இருபது பேரின் இழுப்பு ஒரே நொடியில் வலையில் விழும்.

எழுதத் தயங்கிய ஒன்றையும் எழுதிவிடுகிறேன். என் மகனின் வகுப்பிலேயே, மேசையைத் தட்டிய வேறொரு சிறுவனிடம், ‘இது என்ன சாவு மேளமா?’ என்று கேட்கப்பட்டிருக்கிறது. வடசென்னையில் பிள்ளைகளின் காதில் முதலில் விழும் தாளம் பறையும் கானாவும்தான். இறப்பு வீட்டிலும் விழும், திருவிழாவிலும் விழும். அந்தக் கேள்வி அவன் கையை மட்டும் நிறுத்தாது. தன் வீட்டில் கேட்ட எதுவும் பள்ளிக்குள் வரத் தகுதியற்றது என்றும் அவனுக்குச் சொல்லிவிடுகிறது. தியாகராஜர் வந்து பஞ்சரத்தினம் பாடிய திருவொற்றியூரும், வீணை தனம்மாள் வாழ்ந்த ஜார்ஜ் டவுனும் இதே வடசென்னைதான். அந்த இசைக்கும் இந்தத் தாளத்துக்கும் ஒரே வகுப்பறையில் இடம் இருக்கமுடியும்.

2022-இல் அரசு தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் முதல் மூன்று வகுப்புகளுக்கு ஆடலையும் பாடலையும் கற்பிக்கும் முறையாகவே ஏற்றுக்கொண்டது. ஆனால் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பகுதிநேரக் கலை ஆசிரியரைப் பற்றிப் பேசுவது ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை உள்ளவர்களுக்கு, அதுவும் நூறு பேருக்கு மேல் படிக்கும் பள்ளிகளில். தொடக்கப் பள்ளிக்குத் தனியே இசை ஆசிரியர் வருவார் என்று காத்திருந்தால் என் மகன் பத்தாம் வகுப்பு முடித்துவிடுவான். ஆகவே நான் கேட்பது ஆசிரியர் பணியிடத்தை அல்ல. நாள்தோறும் காலை வழிபாடு முடிந்ததும் பதினைந்து நிமிடம், எல்லாப் பிள்ளைகளும், வகுப்பு ஆசிரியருடனேயே தட்டிப் பாடி ஆடட்டும். அதைத் தேர்வு நெருங்கும்போது வெட்டாதீர்கள். மாதம் ஒரு முறையாவது பறையோ டோலக்கோ வாசிக்கத் தெரிந்த ஒருவரை நம் தெருவிலிருந்தே அழையுங்கள்.

எங்கள் தெருவில் அறுபது வயதைக் கடந்த பறைக் கலைஞர் ஒருவர் இருக்கிறார். வெள்ளிக்கிழமை காலைகளில் வரச் சம்மதம் என்று சொல்லியிருக்கிறார், பணம் வேண்டாம் என்றும் சொல்கிறார். அவருக்குப் பயணச் செலவும் ஒரு தேநீரும் தருவது பள்ளியின் மரியாதை.

இப்படிக்கு,
இரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவனின் தாய்,
காசிமேடு.