ஆஸ்திரேலியா டிக்கெட் வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் சென்டாரஸ் ஏ கேலக்சி பற்றிய கட்டுரை படித்தேன். ‘தென் வானில் இருப்பதால் நம் ஊரிலிருந்து இதைப் பார்க்க முடியாது’ என்று ஒரு வரி. யார் சொன்னது?

1826-ல் ஜேம்ஸ் டன்லப் ஆஸ்திரேலியாவில் பாரமட்டாவிலிருந்து அதைக் கண்டுபிடித்தார், சரி. அதற்காக அது அந்த ஊர்ச் சொத்தாகிவிடுமா? தாங்கள் அறியாததல்ல, அது வான நடுக்கோட்டுக்கு (பூமியின் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே வானில் வரையும் கற்பனைக் கோடு) 43 டிகிரி தெற்கே இருக்கிறது. எங்கள் அம்பாசமுத்திரத்தில் தென் அடிவானத்திலிருந்து 38 டிகிரி வரை ஏறும். டெல்லியில்கூட 18 டிகிரி.

போன மே மாதம் ஒருநாள் இரவு பத்தரைக்குக் கரண்ட் போனது. மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியில் முழங்கையை ஊன்றி, என் பழைய 10x50 பைனாகுலரில் முதலில் ஒமேகா சென்டாரி என்ற நட்சத்திரக் கொத்தைப் பிடித்தேன். அங்கிருந்து நேர் மேலே நாலரை டிகிரி. பேரனிடம் கொடுத்தேன். “தாத்தா, கண்ணாடியில கை பட்டிருக்கு, தொடச்சுத் தாங்க” என்றான். அந்தக் கைரேகை மாதிரித் தெரிந்ததுதான் ஐயா, கேலக்சி!

படமாவது சரியாக இருந்ததா? அது நீள்வட்ட கேலக்சி. குறுக்கே கருப்பாகத் தூசிப் பட்டை ஓடும். நீங்கள் போட்டதோ சுருள் சுருளான ஆண்ட்ரோமெடா என்ற வேறு கேலக்சி. தூரம் சுமார் 1 கோடியே 20 லட்சம் ஒளியாண்டு, உங்கள் கட்டுரையிலோ 12 லட்சம். மில்லியனை லட்சமாக்குவது உங்களுக்குப் புதிதல்ல. பட்ஜெட் செய்தியிலும் பார்த்திருக்கிறேன். ‘பல ஒளியாண்டுகளுக்கு முன்பு’ என்று, தூரத்தை அளக்கும் ஒளியாண்டைக் காலக்கணக்காக எழுதியபோதும் கடிதம் போட்டேன். கிரகணத்தன்று சாப்பிடக் கூடாது என்று எழுதியபோதும் போட்டேன். இரண்டும் வெளிவரவில்லை. ராசிபலனுக்கு மட்டும் முழுப் பக்கம் தவறாமல் வருகிறது.

முப்பத்தொரு வருடம் இயற்பியல் நடத்தியவன் நான். ஞாயிற்றுக்கிழமை பேரன் உங்கள் தாளை நீட்டி, “பேப்பர்லயே தெரியாதுன்னு போட்டிருக்கே தாத்தா, அப்ப அன்னைக்குக் காட்டினது என்ன?” என்கிறான். என்னத்தைச் சொல்ல?

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. நான்கு வரியில் ஒரு திருத்தம் போடுங்கள். இடமில்லையென்றால் இந்த வாரம் மட்டும் ஒரு ராசிக்குப் பரிகாரத்தைக் குறைத்துக்கொள்ளலாம். என்னுடையது துலாம், ஆட்சேபணை இல்லை.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர்,
அம்பாசமுத்திரம்