கடனுக்கு முன்னே ஆதார் கைப்பேசி எண்

ஆசிரியருக்கு,

விடுதலையான கைதிகளுக்குச் சுயதொழில் உதவி வழங்குவது பற்றிய செய்தி கண்டேன். மிகவும் வரவேற்கத்தக்கது. ஆனால் தையலோ பேக்கரி வேலையோ சிறையிலேயே கற்றுத் தேர்ந்தவர்கள்கூட, வெளியே வந்ததும் ஓடிபி வராமல் நின்றுவிடுவதைத் தொடர்ந்து காண்கிறேன். ஆதாருடன் இணைத்த பழைய கைப்பேசி எண், ரீசார்ஜ் இல்லாமல் காலாவதியாகி வேறொருவருக்குப் போயிருக்கும். அந்த எண்ணுக்கு வரும் ஓடிபி இல்லாமல், சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவு நடக்காது. 2 ஆண்டுகளுக்கு மேல் பரிவர்த்தனை இல்லாத வங்கிக் கணக்கும் முடங்கியிருக்கும். சிறுதொழில்களுக்கான மத்திய அரசுத் திட்டமான முத்ராவில், 50,000 ரூபாய் வரையிலான ‘சிசு’ கடனுக்குப் பிணை கேட்பதில்லை. இருந்தும் இவர்களால் விண்ணப்பிக்கவே முடிவதில்லை.

எனவே, விடுதலைக்கு 3 மாதம் முன்பே சிறைக்குள் ஆதார் முகாம் நடத்தி, குடும்பத்தார் ஒருவரின் எண்ணை இணைத்து, கேஒய்சி (வங்கிக்கான அடையாள விவரம்) புதுப்பித்துக் கணக்கை உயிர்ப்பிக்கச் சிறைத்துறையும், மாவட்டத்தின் வங்கிகளை ஒருங்கிணைக்கும் மாவட்ட முன்னோடி வங்கியும் ஏற்பாடு செய்ய வேண்டும்.

– வாசகர், வேலூர்