என்ன படித்தீர்கள் என்று கேட்டால் கோபம் வருகிறது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

என் மனைவிக்கு ஆறு மாதமாகக் கழுத்துவலி, கூடவே தலைவலி. எலும்பு டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை, மாத்திரையும் பிசியோதெரபியும் போதும் என்றார். பாதி குறைந்தது. மீதிக்கு கிரேனியோசேக்ரல் தெரபி பார்க்கலாமே என்று பெங்களூரில் இருக்கும் கொழுந்தியா சொன்னாள். மருந்து கிடையாது, படுக்க வைத்துத் தலையையும் முதுகுத்தண்டின் அடியிலுள்ள எலும்பையும் மெதுவாகத் தொட்டுக்கொண்டிருப்பார்கள், ஐந்து கிராம் அளவுக்குத்தான் அழுத்தமாம். சரி, கோவையில் யார் செய்கிறார்கள் என்று தேடினேன்.

மூன்று இடங்களுக்குப் போன் போட்டேன். முதல் ஆளிடம் என்ன படித்திருக்கிறீர்கள் என்றேன், "பதினைந்து வருட அனுபவம் சார்" என்றார், மறுபடி கேட்டதும் குரலே மாறிவிட்டது. அடுத்த இடத்தில் பத்து சிட்டிங் பேக்கேஜ், மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி (ஆடி மாதம்கூட இல்லை!). சமீபத்தில் தலையில் அடிபட்டதுண்டா, மூளையில் ரத்தக்கசிவு வந்ததுண்டா என்று இரண்டு பேரும் கேட்கவே இல்லை. அப்படிப்பட்டவர்களுக்கு இதைச் செய்யக் கூடாது என்று இந்தச் சிகிச்சையைக் கற்றுத்தருகிறவர்களே சொல்கிறார்கள்.

மூன்றாவதாகப் பேசிய பெண் அதைத்தான் முதலில் கேட்டார். பி.பி.டி. என்ற பிசியோதெரபி பட்டம் முடித்தவர், இதை அப்புறம் சில நாள் வகுப்புகளில் கற்றுக்கொண்டதாக மறைக்காமல் சொன்னார். மூன்று தடவை பார்ப்போம், வித்தியாசம் தெரியாவிட்டால் விட்டுவிடுங்கள், டாக்டர் கொடுத்த மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள் என்றார். அவரிடமே போகிறோம். வலி போனதா என்று கேட்காதீர்கள், ராத்திரி தூங்குகிறாள், இப்போதைக்கு அவ்வளவுதான்.

ஜான் அப்லெட்ஜர் என்ற அமெரிக்க ஆஸ்டியோபதி (எலும்பு, தசைகளைக் கையால் சரிசெய்வதற்கு முக்கியத்துவம் தரும் மருத்துவமுறை) மருத்துவர் 1970களில் உருவாக்கியது இந்தச் சிகிச்சை. மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்த திரவத்தின் தாளம் கைக்குத் தெரியும் என்கிறார்கள். ஒரே நோயாளியை இரண்டு பேர் தொட்டு எண்ணியபோது கணக்கு ஒத்துவரவில்லை என்கின்றன ஆய்வுகள். அந்த வழக்கை டாக்டர்கள் தீர்த்துக்கொள்ளட்டும், எனக்கு வேண்டியது வேறு. பிசியோதெரபிஸ்ட்களுக்கும் சேர்த்து 2021இல் வந்த மத்தியச் சட்டம் இருக்கிறது, பதிவேட்டுக்கும் அதில் வழி இருக்கிறது. கிரேனியோசேக்ரலுக்கு எதுவும் இல்லை, நாலு நாள் வகுப்பில் உட்கார்ந்து எழுந்தவரும் போர்டு மாட்டிவிடலாம். குறைந்தபட்சம் அடிப்படைப் பட்டம் என்ன, பதிவு எண் என்ன என்பதை அந்தப் போர்டிலேயே எழுத வேண்டும் என்று சுகாதாரத் துறை உத்தரவு போடட்டும், பட்டம் இல்லாதவர் இல்லை என்றே எழுதட்டும்.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். நான் முதலில் போன் செய்த நம்பர் ஒரு பத்திரிகையின் ஞாயிற்றுக்கிழமை வரி விளம்பரத்தில் கிடைத்தது. இந்த மாதிரி விளம்பரம் உங்களிடம் வந்தால், காசு வாங்கும் முன் என்ன படித்திருக்கிறார் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

இப்படிக்கு,
பீளமேட்டு வாசகர், கோவை