சார்ள்ஸ்டனிலிருந்து அப்பாவுக்கும் அம்மாவுக்கும்

சார்ள்ஸ்டன், தென் கரோலினா
சித்திரை 2

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

மாசியில் நீங்கள் எழுதிய கடிதத்தை நான்கைந்து முறை வாசித்தும், இன்றுவரை பதில் எழுதாமல் இருந்துவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வேலை அதிகம், அவ்வளவுதான். குளிர் விட்டுவிட்டது. நன்றாகச் சாப்பிடுகிறேன்.

அமெரிக்காவிலும் நம் இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களைப் போன்ற பெருந்தோட்டங்கள் உண்டா என்று அப்பா கேட்டிருந்தீர்கள். இரண்டு பார்த்துவிட்டேன். உடன் வேலை செய்பவர் தம்முடைய கேமராவை இரவல் தந்தார்; புதிதாக வாங்க அவசரம் இல்லை என்பதால் நானும் பெற்றுக்கொண்டேன். முதலில் மக்னோலியா என்ற தோட்டம். 1676இல் தொடங்கியதாம். அசேலியாப் பூக்களும், கரிய நீரில் நிழல் விழும் நீண்ட வெள்ளைப் பாலமும் அழகுதான்; அந்தப் பாலத்தை மட்டும் முப்பது படம் எடுத்திருப்பேன்.

போன ஞாயிறு பூன் ஹால் என்ற தோட்டத்துக்குக் கீழ் வீட்டு அம்மாள் தம் காரில் அழைத்துச் சென்றார். தக்காளியில் வேகவைத்த சோறு தந்ததாக எழுதினேனே, அவர்தான். அவருடைய முன்னோர் நெல் விளைவிக்கத் தெரிந்தவர்கள் என்பதற்காகவே மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்டு, இங்கே விற்கப்பட்டவர்கள். நெடுஞ்சாலை ஓரத்தில் அவருடைய உறவுக்காரப் பெண்கள் புல்லாலும் ஓலையாலும் கூடை பின்னி விற்கிறார்கள். அங்கே என்னை இறக்கி, வேறு வண்டியில் போகச் சொல்லிவிட்டு, தாம் அந்த வாசலைத் தாண்ட மாட்டேன் என்று அவர் அங்கேயே உட்கார்ந்துகொண்டார்.

வாசலிலிருந்து வீடுவரை இரு பக்கமும் கருவாலி மரங்கள், 1743இல் நட்டவை. ஹோட்டன் சமவெளி மரங்களில் நாம் பார்த்த தாடிபோல இவற்றிலும் சாம்பல் நிறத்தில் ஒன்று தொங்குகிறது. அந்த நிழலில் நடந்தபோது எனக்குத் துரை பங்களாவின் பாதை நினைவு வந்து, நீங்கள் சிறுவயதில் கற்றுக்கொடுத்தபடி ஓரமாகவே நடந்தேன். யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்பது பிறகுதான் உறைத்தது.

எல்லாரும் பெரிய வீட்டின் முன் நின்று படம் எடுக்கிறார்கள். ஆனால் அப்பா, அந்த வீடு 1936இல்தான் கட்டப்பட்டது. பழையது எது என்றால், வழியோரத்தில் வரிசையாக நிற்கும் ஒன்பது செங்கல் வீடுகள்தான். அடிமைகளாக இருந்தவர்கள், அவர்களே சுட்ட செங்கல்லுக்குள் வாழ்ந்த வீடுகள். வயலில் வேலை செய்தவர்களின் மரக்குடிசைகள் நிற்கவே இல்லை. நம்மவர்களைத் தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி கடன் கொடுத்து அழைத்துவந்தான். இவர்களைச் சந்தையில் விலைக்கு விற்றார்கள். பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்தும் விற்றார்கள். இரண்டும் ஒன்றல்ல என்பதை நன்றாக அறிவேன். ஆனாலும் ஒரு வீட்டின் வாசற்படியில் நின்று கரிபிடித்த அடுப்பைப் பார்த்தபோது, வரிசை வீடுகளான நம் லயத்தில், நம் ஒற்றை அறைக் காம்பராவின் வாசலில் அப்பாயி குந்தியிருந்து ரொட்டி தட்டுவது கண்முன் வந்துவிட்டது. கொஞ்ச நேரம் படம் எடுக்க முடியவில்லை. வந்திருந்தவர்கள் நான் தூசியால் கண்ணைத் துடைக்கிறேன் என்று நினைத்திருப்பார்கள். நேற்றுப் புத்தாண்டு. மாலை முழுவதும் அந்த அடுப்பு நினைவாகவே இருந்தேன்; தொலைபேசியில் அம்மாவின் குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன் என்றுதான் எடுக்கவில்லை.

திரும்பும் வழியில் கூடைக்காரப் பெண் ஒருவர் அகன்ற தட்டுப்போன்ற ஒன்றைக் காட்டினார். நெல் புடைக்கிற சுளகேதான், அம்மா! வட்டமாக இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். பக்கவாட்டில் எப்படித் தட்டிப் புடைப்போம் என்று நான் காட்ட, கீழ் வீட்டு அம்மாள் வாய்விட்டுச் சிரித்தார். விலை கேட்டேன், அடுத்த முறை வாங்கிக்கொள்ளலாம் என்று வந்துவிட்டேன்.

இத்துடன் ஆறு படங்கள் அனுப்புகிறேன். பாலம் ஒன்று, மரங்கள் ஒன்று, மற்ற நான்கும் அந்தச் செங்கல் வீடுகள்.

இந்த மாதப் பணம் பத்து நாள் பிந்தி வரும், கவலைப்பட ஒன்றுமில்லை. அப்பா, தோட்ட வேலைக்கான சேமலாப நிதிப் பணத்துக்குக் கொடுத்த பத்திரங்களில் உங்கள் பெயர் இரண்டு விதமாக இருப்பதால் தாமதிப்பதாக எழுதியிருந்தீர்கள். இரண்டு பெயரும் உங்களுடையதே என்று சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி ஒன்று முடித்துக் கொடுங்கள். கூட்டத்தில் நீங்கள் தனியே நிற்க வேண்டாம், மாமாவை அழைத்துப் போங்கள். புது வீட்டுக்கான ஏழு பேர்ச்சஸ் காணிக்கு உறுதிப் பத்திரம் கைக்கு வரும்வரை அண்ணன் அத்திவாரம் வெட்டக்கூடாது. தங்கைக்கு வந்த சம்பந்தத்தை அவளிடமே கேட்டு முடிவெடுங்கள். அம்மா முழங்கால் எண்ணெயை நிறுத்தக்கூடாது.

இன்னொன்று. புது வீட்டுக்குப் போனபின் லயத்தை இடிப்பார்கள் என்கிறார்கள். அதற்குமுன் நம் காம்பராவை, அடுப்போடும் முன்திண்ணை இஸ்தோப்போடும், அண்ணனை நன்றாகப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கதவைத் திறந்து வைத்து, காலை வெயில் உள்ளே விழும் நேரத்தில் எடுக்க வேண்டும்.

உங்கள் அன்பு மகன்